முகம் காணாத ஈகை: பத்ரேஸ்வரத்து ஜகடூஷா

நம் சமயம் தென்னாடு புகுந்த வரலாற்றை முதியோர் சொல்லத் தொடங்கும்போது ஒரு வற்கடத்திலிருந்தே தொடங்குவர். வடநாட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் மழை பொய்க்கும் என்று முன்னுணர்ந்த பத்ரபாகு முனிவர் முனிசங்கத்தோடு தெற்கு நோக்கிப் புறப்பட்டார். மன்னன் சந்திரகுப்தன் முடி துறந்து உடன் வந்தான். சிரவணபெளகுளத்தில் பத்ரபாகு உடல் நீத்த பின்னர், விசாகாசாரியர் தலைமையில் முனிவர்கள் சோழ பாண்டிய நாடுகளை அடைந்தனர் என்பது மரபு. ஏற்று உண்ணும் நோன்புடையோர், பசித்திருக்கும் இல்லங்களின் வாயிலில் சென்று நிற்கலாகாது என்பதனாலேயே அந்நாட்டை விட்டு நீங்கினர். துறவியர்க்கு அது தக்க வழி. ஆனால், நிலமும் கடையும் மனைவி மக்களும் உடைய சிராவகன் எங்கே செல்வான்? பஞ்சம் வந்த நாட்டிலேயே இருந்தாக வேண்டிய அவனுக்குரிய அறம் யாது?

அவ்வினாவுக்கு ஏறத்தாழ 1500 ஆண்டுகளுக்குப் பின்னர்த் தம் வாழ்க்கையால் விடை கூறியவர் கட்ச் நாட்டு வணிகர் ஜகடூஷா. குஜராத்தில் இப்பெயரை அறியாத குழந்தை இல்லை எனலாம். தமிழ்நாட்டுச் சமணர்களாகிய நம்மில் பலர் அவரைப் பற்றி மிகுதியாகக் கேள்விப்பட்டதில்லை. அவர் சுவேதாம்பர மரபினர் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். பசித்தவனுக்கு இட்ட சோற்றில் அவ்வேறுபாடு ஏதும் இல்லையாதலால், அவர் வரலாற்றை நாமும் அறிந்திருத்தல் நன்று.

கட்ச் வளைகுடாவின் வடகரையில், இன்றைய முந்த்ரா நகருக்குக் கிழக்கே பத்ரேஸ்வரம் என்னும் ஊர் உள்ளது. இன்று சிற்றூர், 13ஆம் நூற்றாண்டில் பெருந்துறைமுகம். பாரசீக வளைகுடாவிலிருந்து கலங்கள் அங்கு வந்து நின்றன. இஸ்லாமிய வணிகர்கள் அங்கேயே குடியேறி வாழ்ந்தனர். 1159-60ஆம் ஆண்டைக் குறிக்கும் அரபுக் கல்வெட்டோடு கூடிய அவர்களுடைய கட்டடம் ஒன்று இன்றும் அவ்வூரில் நிற்கிறது. மகாவீரருக்கு அமைந்த பழைய ஜினாலயமும் ஊரின் பெருமைகளுள் ஒன்று. ஆறு என்று சொல்லத்தக்க வற்றாத நீரோட்டம் ஒன்றேனும் இல்லாத வறள்நாடு கட்ச். மழை பெய்தால் விளைவு. பெய்யாவிடில் கடலே கதி. அதனால் அந்நாட்டு மக்கள் தொன்றுதொட்டே கடலோடிகளாகவும் வணிகர்களாகவும் விளங்கினர்.

ஜகடூ ஸ்ரீமாலி குலத்தைச் சேர்ந்தவர். தந்தை சோலகர் பத்ரேஸ்வரத்தில் குடியேறிய வணிகர். ராஜ, பத்ம என்னும் தம்பியர் இருவர். தந்தை மறைந்தபின் குடும்பப் பொறுப்பும் வணிகப் பொறுப்பும் மூத்தவரான ஜகடூவின் தோளில் விழுந்தன. மனைவி யசோமதி. இவர்கள் அனைவரும் ஒரே குடும்பமாக வாழ்ந்து ஒரே கணக்கில் பொருளீட்டினர் என்பதை மனத்திற் கொள்ள வேண்டும். பின்னாளில் ஜகடூ வாரி வழங்கிய செல்வம் அவர் ஒருவருடையது மட்டுமன்று. அத்தம்பியரும் அவ்வில்லத்துப் பெண்டிரும் ஒருமனப்படாமல் அவ்வீகை நிகழ்ந்திருக்க இயலாது.

இவருடைய வரலாற்றை நாம் அறிவதற்கு முதன்மையான நூல் ‘ஜகடூ சரிதம்’. சர்வானந்த சூரி என்னும் முனிவர் வடமொழியில் ஏழு சர்க்கங்களாக இயற்றியது. ஜகடூ மறைந்து நெடுங்காலம் சென்றபின் எழுந்த காப்பியமாதலால் வரலாறும் புனைவும் அதில் கலந்தே இருக்கும். ஜெர்மானிய அறிஞர் ஜியார்ஜ் பூலர் 1892இல் அந்நூலை ஆராய்ந்து வெளியிட்டபோது அதனை வரலாற்றுப் புனைகாவியம் என்றே அழைத்தார். ஆட்டின் கழுத்தில் கட்டியிருந்த மணியை அடையாளம் கண்டு ஜகடூ அந்த ஆட்டை விலைக்கு வாங்கியதாகவும், அம்மணியினாலேயே செல்வம் பெருகியதாகவும் நூல் கூறும். நல்ல வணிகர் செல்வம் சேர்த்ததற்கு நம் முன்னோர் ஒரு மணியைக் காரணமாகச் சொல்வது வழக்கம். கணக்குப் புத்தகத்தையும் கடற்காற்றையும் காரணமாகச் சொன்னால் கதை சுவைப்பதில்லை போலும்.

அவருடைய இளமைக்கால நிகழ்ச்சிகளுள் ஒன்று எனக்கு உவப்பாக இல்லை. ஆயினும் மறைப்பது முறையன்று. ஜகடூவின் முகவர் ஜயந்தசிம்மன் சரக்கேற்றிய கலத்துடன் கடல்கடந்த துறைமுகம் ஒன்றிற்குச் சென்றிருந்தபோது, கரையில் கிடந்த ஒரு கல்லைக் குறித்து அவனுக்கும் கம்பாயத்து வணிகர் ஒருவரின் முகவனுக்கும் பூசல் எழுந்தது. யார் மிகுதியாகப் பணம் தருகிறாரோ அவருக்கே கல் என்று ஆயிற்று. இருவரும் விலையை ஏற்றிக்கொண்டே சென்றனர். இறுதியில் மூன்று லட்சம் தீனாரம் கொடுத்து ஜயந்தசிம்மன் கல்லை வென்றான். சரக்குக்கு மாறாகக் கல்லை ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பினான். ஜகடூ சினம் கொள்ளவில்லை. தம் குடிப்பெயரைக் காத்தான் என்று அவனைத் தழுவிக்கொண்டார். அக்கல்லினுள் மணிகள் இருந்தன என்று காப்பியம் பின்னர் ஈடுகட்டுகிறது. மணிகள் இல்லாதிருந்தாலும் அவர் அவ்வாறே தழுவியிருப்பார் என்பதுதான் கதையின் உட்பொருள். மானத்தின்பொருட்டுப் பெரும்பொருளையும் இழக்கத் துணிந்த மனிதர் அவர். இப்பண்பு செருக்காகவும் முடியலாம், அருளாகவும் மலரலாம்.

அவர் இல்லத்திலேயே மானம் வேறொரு வடிவில் வந்து நின்றது. ஜகடூ யசோமதி இணையர்க்குப் பிரீதிமதி என்று ஒரு மகள். யசோதேவன் என்பவனுக்கு அவளை மணம் செய்து கொடுத்தனர். மணமான சில நாட்களிலேயே அவன் இறந்தான். இளம்பெண்ணின் துயரைக் காணப் பொறாத தந்தை, சுற்றத்தாரின் இசைவைப் பெற்று அவளுக்கு மறுமணம் செய்விக்க எண்ணினார். 13ஆம் நூற்றாண்டில் ஒரு தந்தை இவ்வாறு எண்ணினார் என்பதே வியப்பு. ஆனால், குடும்பத்து முதிய கைம்பெண்டிர் இருவர் அணிகலன்களைப் பூண்டு வந்து அவர்முன் நின்று, கைம்பெண்களுக்கு மணமகன் தேடுவதானால் தங்களுக்கும் ஒருவரைத் தேடித் தரும்படி கேட்டனராம். ஜகடூ நாணித் தம் எண்ணத்தைக் கைவிட்டார். மகளின் நன்மைக்கென்று கிணறுகளும் கோயிற்பணிகளும் செய்து மனத்தை ஆற்றிக்கொண்டார். கல்லுக்காக மூன்று லட்சத்தை இழக்கத் தயங்காதவர், ஏளனத்திற்கு அஞ்சி மகளின் வாழ்வை விட்டுக்கொடுத்தார் என்பதைப் படிக்கும்போது நெஞ்சம் வருந்துகிறது. ஊரார் பார்வை ஓர் எளியவரை எவ்வாறு சுடும் என்பதை அவர் அன்று தம் வீட்டு முற்றத்திலேயே கண்டிருப்பார்.

பார்க்கர் நாட்டுத் தலைவன் பீடதேவன் பத்ரேஸ்வரத்துக் கோட்டையை இடித்துச் சென்ற கதையும் உண்டு. ஜகடூ மதிலை மீண்டும் எழுப்பத் தொடங்கினார். கழுதைக்கு இரண்டு கொம்பு முளைக்கும் நாளில் அம்மதில் எழும் என்று பீடதேவன் எள்ளிச் சொல்லி அனுப்பினான். குஜராத்து அரசின் படைத்துணையைப் பெற்று மதிலைக் கட்டி முடித்த ஜகடூ, அதன் ஒரு மூலையில் கல்லாலான கழுதை உருவம் ஒன்றை அமைத்து, அதற்குப் பொன்னால் இரண்டு கொம்புகளும் வைத்தாராம். கட்ச் நாட்டுச் சிறுவர்கள் மிகவும் விரும்பிக் கேட்கும் பகுதி இது. நாம் மேலே செல்வோம்.

ஜகடூவின் குரு பரமதேவ சூரி. குருவின் அறிவுரைப்படி ஜகடூ சத்ருஞ்ஜயத்திற்கும் கிர்னாருக்கும் சங்க யாத்திரை நடத்தினார்; ஜினாலயங்களைப் புதுப்பித்தார். ஒருநாள் குரு அவரைத் தனியே அழைத்து, விக்கிரம ஆண்டு 1312 கழிந்தபின் மூன்றாண்டுகள் தொடர்ந்து மழை பொய்க்கும் என்றும், இயன்ற இடங்களிலெல்லாம் தானியம் வாங்கிச் சேமிக்க வேண்டும் என்றும் அறிவுறுத்தினார். நம் கணக்கில் அது 1256ஆம் ஆண்டை ஒட்டிய காலம். பல துறைகளிலும் முகவர்களை உடைய வணிகர், எந்நாட்டில் மழை குறைகிறது, எங்கே விலை ஏறுகிறது என்பதை மற்றவர்களுக்கு முன்னரே அறியக்கூடியவர் என்பதையும் இங்கே நினைக்கலாம். எவ்வாறாயினும், விளைவு நன்றாக இருந்து விலை தாழ்ந்திருந்த நாட்களில் ஜகடூவின் ஆட்கள் நாடெங்கும் தானியம் வாங்கினர். 700 களஞ்சியங்கள் நிறைந்தன என்பது நூல் தரும் கணக்கு.

இங்கே சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். விலை மலிந்த காலத்தில் வாங்கிக் குவித்துப் பூட்டி வைப்பது பதுக்கற்காரன் செய்யும் வேலை. புறத்தே நின்று பார்ப்பவனுக்கு ஜகடூவின் களஞ்சியத்திற்கும் பதுக்கற்காரனின் களஞ்சியத்திற்கும் எவ்வகை வேறுபாடும் தெரியாது. இரண்டிலும் பூட்டு; இரண்டிலும் நெடுநாள் காத்திருப்பு. பஞ்சம் முற்றும்போது தானியத்தின் விலை பத்து மடங்கு, நூறு மடங்கு என ஏறும். அப்போது நல்லவன் மனமும் தடுமாறும். பாதியை விற்று மீதியைத் தானம் செய்தாலே பெரும்புண்ணியம் அன்றோ என்று ஒரு குரல் உள்ளிருந்து எழும். தம்பியர்க்கும் அவர்தம் மக்களுக்கும் உரிய பங்கை அழிப்பது அறமா என்று மற்றொரு குரல் கேட்கும்.

ஜகடூ அக்குரல்கள் எழுவதற்கு முன்னரே அவற்றின் வாயை அடைத்துவிட்டார். ஒவ்வொரு களஞ்சியத்திலும் செங்கற்களுக்கிடையே ஒரு செப்பேட்டை வைத்து மூடினார். அத்தானியம் ஏழைகளின் பொருட்டு ஜகடூவால் வைக்கப்பட்டது என்பது அதில் பொறித்த செய்தி. எழுதி வைத்த அன்றே அது அவருடைய உடைமை அல்லாதாயிற்று. இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களுள் ஐந்தாவதாக நாம் மேற்கொள்ளும் பரிக்கிரக பரிமாணம், அதாவது இவ்வளவுதான் என் உடைமை என்று எல்லை வகுத்துக்கொள்ளும் நோன்பு, ஒரு வணிகர் கையில் எத்தகைய கருவியாக மாறக்கூடும் என்பதை இச்செப்பேடு காட்டுகிறது. ஈகைக்கு நாம் பெரும்பாலும் துயரம் வந்தபின் மனம் இளகுவதையே நம்பியிருக்கிறோம். ஜகடூ துயரம் வருமுன், மனம் தெளிவாக இருந்தபோதே, கொடுத்து முடித்துவிட்டார். பின்னர் அவர் செய்தது விநியோகம் மட்டுமே.

சொன்னபடியே மழை பொய்த்தது. பஞ்சம் ஒரே நாளில் வந்து தாக்கும் பகையன்று. முதலாண்டில் மக்கள் குதிரில் இருந்ததை உண்பர். அது தீர்ந்தால் நகையும் பாத்திரமும் விலையாகும். இரண்டாம் ஆண்டில் உழவு மாடு விற்கப்படும். அல்லது தீனியின்றிச் சாகும். அதன்பின் விதைக்கென்று வைத்திருந்த தானியமும் உலையில் விழும். விதையை உண்ட உழவனுக்கு அடுத்த ஆண்டு மழை பெய்தாலும் பயனில்லை. மூன்றாம் ஆண்டே கொடியது. அரசர்களின் பண்டசாலைகளும் அதற்குள் வறண்டுபோயின. 13 கடலைக்கு ஒரு திரம்மம் என்னும் நிலை வந்தது என்கிறது நூல். திரம்மம் என்பது வெள்ளிக்காசு. ஒரு கைப்பிடி கூட நிறையாத 13 கடலை.

அணகிலவாடத்திலிருந்து குஜராத்தை ஆண்ட வாகேலா மன்னன் விசலதேவன், ஜகடூவிடம் 700 களஞ்சியங்கள் உள்ளன என்று கேள்வியுற்று, அமைச்சர் நாகடரை அனுப்பி அவரை வரவழைத்தான். அரசன் நினைத்தால் அவற்றைக் கைப்பற்றலாம். பஞ்ச காலத்தில் அவ்வாறு செய்யும் அரசனைக் குறை கூறுவாரும் இரார். மன்னன் தானியத்தைப் பற்றி வினவியபோது, தமக்குரிய தானியம் ஒரு மணியும் இல்லை என்று ஜகடூ பணிவோடு விடையளித்தார். ஐயமிருப்பின் களஞ்சியங்களின் செங்கற்களிடையே உள்ள செப்பேடுகளைப் பார்க்கலாம் என்றும் கூறினார். ஏடுகள் எடுத்து வரப்பட்டுப் படிக்கப்பட்டன. மன்னனும் அவையினரும் வாயடைத்து நின்றனர். ஏழைகளின் தானியத்தை ஏழைகளின் பொருட்டே மன்னனிடம் ஒப்படைப்பதாகக் கூறி, 8,000 மூடகம் அளந்து கொடுத்தார் ஜகடூ. மூடகம் என்பது, நாம் கலம் என்றும் கோட்டை என்றும் அளப்பது போல, அந்நாட்டில் வழங்கிய பேரளவை.

சிந்து நாட்டு ஹம்மீரனுக்கு 12,000 மூடகமும் டில்லி சுல்தானுக்கு 21,000 மூடகமும் அனுப்பியதாக மரபு கூறும். மாளவம், காசி முதலிய நாடுகளும் பெற்றனவாம். அவ்வரசர்களின் பெயர்களை நூல் தருகிறது. அவற்றுட் சில காலக்கணக்கோடு பொருந்தவில்லை. மதனவர்மன் என்று அது குறிக்கும் மன்னன் பெயரில் நாம் அறியும் சந்தேல அரசன் ஒரு நூற்றாண்டுக்கு முற்பட்டவன். விசலதேவன் அக்காலத்தவன் என்பதிலும், நாகடர் அவனுடைய அமைச்சர் என்பதிலும் ஐயமில்லை. எண்களையும் பெயர்களையும் புலவர்கள் பெருக்கியிருக்கலாம். பெருக்குவதற்கு உண்மையான ஒரு கொடை முதலில் இருந்திருக்க வேண்டும் அன்றோ?

அரசர்களுக்கு அளித்ததைவிட, ஊர்தோறும் அவர் நிறுவிய அறச்சாலைகளைப் பற்றிய செய்தியே என் உள்ளத்தைக் கவர்கிறது. 112 சாலைகள் என்பது மரபுவழி எண்ணிக்கை. சாதியும் சமயமும் பாராது அங்கே உணவு வழங்கப்பட்டது. ஆனால், ஜகடூவின் ஆட்கள் விரைவில் ஒன்றை உணர்ந்திருக்க வேண்டும். சாலையின் வரிசையில் வந்து நிற்பவர்கள் எல்லாரும் ஏழைகளே; ஆயினும் ஏழைகளாகிவிட்ட எல்லாரும் வரிசையில் வந்து நிற்பதில்லை. நேற்றுவரை பத்துப் பேருக்கு இட்டு உண்ட குடும்பம், இன்று திருவோடு ஏந்தத் தெரியாமல் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே மெலிந்துபோகும். பஞ்சம் முதலில் வயிற்றைத் தாக்குகிறது. பின்னர் முகத்தைத் தாக்குகிறது. முந்தையதற்குச் சோறு மருந்து. பிந்தையதற்கு?

அத்தகையோர்க்கென்று ஜகடூ இனிப்பு உருண்டைகள் செய்வித்து, அவற்றினுள்ளே பொற்காசுகளை மறைத்து, இரவு நேரத்தில் அவர்கள் இல்லங்களுக்கு அனுப்பினார். அவ்வுருண்டைகளுக்கு லஜ்ஜாபிண்டம் என்று பெயர். நாணுவோர்க்குரிய கவளம் எனலாம். பார்ப்பவர் கண்ணுக்கு அது ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டுக்குச் செல்லும் பலகாரம்தான். விழா நாளில் நாம் அண்டை வீட்டுக்குத் தட்டில் வைத்து அனுப்புவதில்லையா? அதுபோன்றதே. பிட்டுப் பார்ப்பவர் மட்டுமே அறிவர். ஏற்பவர் நன்றி சொல்லவும் வேண்டியதில்லை, யாருக்குச் சொல்வது? இவ்வுருண்டைகளை ஆட்கள் கடைத்தெருவில் செய்திருக்க முடியாது. யசோமதியும் தம்பியர் மனைவியரும் அடுக்களையில் அமர்ந்து உருட்டியிருப்பர் என்று எண்ணுவதில் தவறில்லை. மகளுக்கு நேர்ந்ததைக் கண்ட அவ்வில்லத்துப் பெண்களுக்கு, நாணம் என்பது எத்தகைய சுமை என்று யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை.

பிற்காலப் பிரபந்த நூல்கள் இன்னுமொரு செய்தி சொல்லும். அறச்சாலையில் ஜகடூ ஒரு திரைக்குப் பின்னே அமர்ந்து தானம் செய்தார். திரையின் இடைவெளியில் நீளும் கை மட்டுமே அவருக்குத் தெரியும், முகம் தெரியாது. யார் வந்தார், யார் இரண்டாம் முறை வந்தார், யார் முன்னாளில் தம்மோடு வணிகத்தில் மல்லுக்கு நின்றவர் என்பது ஒன்றும் அவர் அறியார். விசலதேவ மன்னன் இதனைச் சோதிக்க எண்ணி, மாறுவேடத்தில் வந்து திரைவழியே கையை நீட்டினான். கையின் இலக்கணத்தைக் கண்ட ஜகடூ, வாழ்ந்து கெட்ட ஒரு பெருமகனுடைய கை இது என்று கருதி, தம் விரலில் இருந்த மணிமோதிரத்தைக் கழற்றி அக்கையில் வைத்தார். மன்னன் இடக்கையை நீட்டினான். ஜகடூ மற்றொரு மோதிரத்தையும் கழற்றி வைத்தார். மறுநாள் அவைக்கு அழைத்து மன்னன் அவரைச் சிறப்பித்தான் என்று கதை முடிகிறது. கதையாகவே இருக்கட்டும். வாங்குபவனின் நாணத்தைக் காக்க ஒரு திரை போதும் என்பதை அறிந்த மக்கள் அன்று இருந்தனர்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நம் கடற்கரையைத் தாக்கியபின் நிகழ்ந்த ஒன்றை இங்கே நினையாதிருக்க முடியவில்லை. நாடெங்கும் இல்லங்கள் இரங்கின, அரிசியும் பணமும் மருந்தும் குவிந்தன, அது உண்மை. அதே நாட்களில் நாகை மாவட்டத்துச் சாலையோரங்களில், கிழிந்தும் மக்கியும் போன பழந்துணிகளும் மலைபோல் குவிந்து கிடந்தன. மீனவப் பெண்கள் அவற்றைத் தொடவில்லை. கொடுத்தோம் என்னும் நிறைவு நமக்கு; எடுத்தால் இழிவு அவர்களுக்கு. உதவி வழங்கும்போது நிழற்படம் எடுத்துக்கொள்வதும் இப்போது வழக்கமாகிவிட்டது. நம் ஆலயங்களில் குழல்விளக்கின் மேல் ஒளி தெரியாத அளவுக்கு உபயதாரர் பெயர் எழுதும் வழக்கத்தைப் பற்றி இவ்விதழில் நான் ஏதும் எழுதாதிருப்பதே நலம். ஜகடூவும் செப்பேட்டில் தம் பெயரைப் பொறித்தார்தான். அதைச் செங்கற்களுக்குள்ளே வைத்து மூடினார்.

பஞ்சம் தீர்ந்தது. மழை திரும்பியது. அவர் பத்ரேஸ்வரத்தில் பல ஆலயத் திருப்பணிகள் செய்ததை நூல் விரிவாகக் கூறும். அவற்றோடு, இஸ்லாமியர்களுக்காக ஒரு பள்ளிவாசலையும் அவர் கட்டுவித்தார் என்ற செய்தி வருகிறது. தம் செல்வம் அவர்களோடு செய்த கடல்வணிகத்தினாலும் வந்தது என்பதே அதற்குக் கூறப்படும் காரணம். இச்செய்தியை எழுதியவர் ஒரு சமண முனிவர். மறைக்கவோ மன்னிப்புக் கோரவோ இல்லை. பொருள் எங்கிருந்து வந்ததோ அத்திசையையும் நினைத்துக் கொடுத்த வணிகரின் நேர்மையாகவே அவர் அதனைக் கண்டார் போலும்.

ஜகடூவின் மறைவை நூல் துயரத்தோடு பாடுகிறது. டில்லி வேந்தன் முடியைக் கழற்றி வைத்தான் என்றும், விசலதேவனுக்குப் பின் அரியணை ஏறிய அர்ஜுனதேவன் கண்ணீர் விட்டான் என்றும், சிந்து நாட்டரசன் இரண்டு நாள் உண்ணவில்லை என்றும் அது கூறும். பசி தீர்த்தவருக்காக ஓர் அரசன் பட்டினி இருந்தான் என்ற கற்பனையில் ஒரு நயம் உண்டு. தம்பியர் ராஜவும் பத்மவும் குருவின் ஆறுதல் மொழிகளால் தேறி, தமையனார் வழியில் அறம் செய்து வாழ்ந்தனர்.

மகப்பேறு குறித்த ஒரு செய்தியும் சொல்ல வேண்டும். ஜகடூவுக்கு ஆண்மகவு இல்லை. அவர் பெயரைச் சொல்ல நேர்வழியில் ஒரு குடும்பம் இல்லை. ஆயினும், குஜராத்தில் பஞ்ச காலத்தில் களஞ்சியத்தைத் திறந்துவிடும் எவரையும், அவர் எக்குலத்தவராயினும், மக்கள் ஜகடூஷா என்றே அழைக்கின்றனர்.

2001 ஜனவரி 26 அன்று கட்ச் நாட்டைக் குலைத்த நிலநடுக்கத்தில் பத்ரேஸ்வரத்துப் பழைய ஜினாலயம் இடிந்தது. 52 சிறு சன்னதிகள் சூழ அமைந்திருந்த ஆலயம் அது. பின்னர் மீண்டும் எழுப்பப்பட்டுவிட்டது. வடநாட்டு யாத்திரை செல்லும் நம்மவர் பெரும்பாலும் கிர்னார், பாலிதானா கண்டு திரும்பிவிடுகின்றனர். இன்னும் இரண்டு நாள் ஒதுக்க இயலுமாயின், காந்திதாம் ரயில் நிலையத்தில் இறங்கி முந்த்ரா செல்லும் சாலையில் பத்ரேஸ்வரத்தை அடையலாம். யாத்திரிகர்க்குத் தங்குமிடமும் போஜனசாலையும் உண்டு. பொழுது சாயுமுன் சென்று சேருமாறு திட்டமிட்டுக்கொள்க. சூரியன் மறைந்தபின் அங்கு உணவு கிடையாது.